உதவி வந்ததால் மாறியதா, வராவிட்டாலும் மாறியிருக்குமா?

உங்கள் கேள்வி இது. மூதூர்ப் பக்கத்தில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறீர்கள். உங்கள் கிராமத்தில் ஒரு நிறுவனம் மூன்று ஆண்டுகள் வாழ்வாதாரச் செயற்றிட்டம் ஒன்றை நடத்தியது. கோழிக் குஞ்சுகளும் ஆடுகளும் தையல் இயந்திரங்களும் கொடுத்தார்கள், பயிற்சி வகுப்புகளும் வைத்தார்கள். பயனாளிகளின் வருமானம் உயர்ந்துள்ளது என்று முடிவறிக்கை சொல்கிறது. ஊருக்குள் அப்படியொரு மாற்றம் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அறிக்கை பொய்யா, உங்கள் பார்வை பிழையா, அடுத்த திட்டம் வரும்போது சங்கம் எதைக் கேட்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அறிக்கை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் பார்வையும் பிழையாக இருக்க வேண்டியதில்லை. வருமானம் உயர்ந்ததா என்பது ஒரு கேள்வி, திட்டத்தினால் உயர்ந்ததா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த இரண்டு கணக்கெடுப்புகள் போதும். இரண்டாவதற்கோ, அந்தத் திட்டம் வராமல் இருந்திருந்தால் அதே குடும்பங்கள் இன்று எந்த நிலையில் இருந்திருக்கும் என்று தெரிய வேண்டும். அந்த நிலையை எவரும் நேரில் பார்த்துவிட முடியாது. அதை எப்படி நேர்மையாகக் கணிப்பது என்பதில்தான் மதிப்பீட்டுத் துறையின் உழைப்பில் பெரும் பகுதி செலவாகிறது.

நம் திருகோணமலை மாவட்டத்தில் இந்தக் கணிப்பு பல இடங்களைவிடக் கடினமானது, ஏனென்றால் இங்கே திட்டங்களுக்குத் தொடர்பில்லாத காரணங்களால் வாழ்க்கை பெரிதாக மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. 2006இல் இடம்பெயர்ந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கழித்த சம்பூர் மக்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் தங்கள் காணிகளுக்குத் திரும்பினார்கள். திரும்பிய சில மாதங்களில் தற்காலிகக் கொட்டிலில் இருக்கும் குடும்பத்திடம் வருமானம் கேட்டு எழுதிக்கொண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து அதே குடும்பத்திடம் மீண்டும் கேட்டால், எந்தத் திட்டமும் வெற்றியாகத்தான் தெரியும். காடு வெட்டியதும் கிணறு இறைத்ததும் வயல் திருத்தியதும் அந்த மக்களின் உழைப்பு. அந்த உழைப்பின் பலன் நிறுவனத்தின் கணக்கில் போய்ச் சேர்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை படகுப் பாதையை நம்பியிருந்த மக்களுக்கு, அதன்பின் பாலையும் மீனையும் மரக்கறியையும் நகரத்துக்குக் கொண்டுபோவது இலகுவாயிற்று. அந்தக் காலத்தில் அப்பகுதியில் நடந்த வாழ்வாதாரத் திட்டங்களின் அறிக்கைகளைப் படிக்கும்போது பாலத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்காமல் விட முடியாது. 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த வருமானங்களை விலைவாசிக்கு ஏற்பத் திருத்தாமல் ஒப்பிட்டால், முன்பைவிடக் குறைவாகச் சாப்பிடும் குடும்பம்கூட முன்னேறிய குடும்பமாகத் தோன்றும்.

பருவம் இவற்றைவிடவும் நுட்பமாக ஏமாற்றும் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மாரி காலத்தில் நம் கடல் கொந்தளிப்பாக இருக்கும், சிறு தோணிகள் கரையேறிக் கிடக்கும், கூலி வேலையும் குறைவு. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை வருகிறது. சித்திரைக்குப் பின் கடல் அடங்கி மீன்பிடி நன்றாக நடக்கிறது; மேற்குக் கரையிலிருந்தும் மீனவர்கள் வந்து வாடியடிக்கிறார்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் வருவதும் அந்த மாதங்களில்தான். நிதி ஒப்புதல் ஆண்டுக் கடைசியில் கிடைத்து ஆரம்பக் கணக்கெடுப்பை மார்கழியில் எடுத்து, நன்கொடையாளரின் நிதியாண்டு முடிவதற்காக இறுதிக் கணக்கெடுப்பை ஆனியில் எடுத்தால், குச்சவெளி மீனவக் குடும்பத்தின் வருமானம் ஒரு சதம் உதவி கிடைக்காமலே உயர்ந்து காணப்படும். மாதங்களைத் திருப்பிப் போட்டால் உண்மையில் பலன் தந்த திட்டம் தோற்றதாகவும் தெரியும். ஆகவே உங்கள் அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு கணக்கெடுப்புகளும் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டன என்பதுதான். பின்னிணைப்பில் எங்கோ ஒரு மூலையில் அது எழுதப்பட்டிருக்கும்.

அடுத்தது ஆட்களைத் தெரிந்தெடுத்த விதம். மிகவும் நொந்துபோன குடும்பங்களைத் தெரிவு செய்திருந்தால், அவர்களில் ஒரு பகுதியினர் அந்த ஆண்டு நோயினாலோ வெள்ளத்தினாலோ தற்காலிகமாக விழுந்தவர்கள். உதவி கிடைக்காவிட்டாலும் ஓரளவு எழுந்திருப்பார்கள். கூட்டங்களுக்குத் தவறாமல் வந்து, விண்ணப்பத்தைத் தாமே நிரப்பி, சங்கத்தில் முன்னின்று பேசும் பெண்களைத் தெரிவு செய்திருந்தால், அவர்கள் எந்த நிலையிலும் மற்றவர்களைவிட முன்னேறக்கூடியவர்கள். ஆகவே பயனாளிகளை ஊரிலுள்ள மற்றவர்களோடு வெறுமனே ஒப்பிடுவதும் சரியான பதிலைத் தராது.

இந்தச் சிக்கல் சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. ஆபிரிக்காவின் ஏழைக் கிராமங்களில் விவசாயம், சுகாதாரம், கல்வி எல்லாவற்றையும் ஒருசேர உயர்த்துவதற்காகப் பொருளியலாளர் ஜெஃப்ரி சாக்ஸ் முன்னின்று நடத்திய மில்லேனியம் கிராமங்கள் திட்டம் பெரும் பணத்தோடும் பெரும் பெயர்களோடும் நடந்தது. அதன் முன்னேற்றக் கணக்குகளைப் பொருளியலாளர்களான மைக்கேல் கிளெமென்சும் கேப்ரியல் டெமொம்பைன்சும் 2010இல் எடுத்து ஆராய்ந்தபோது, திட்டம் நடக்காத சுற்றுப்புறக் கிராமங்களிலும் அதே ஆண்டுகளில் பல அளவுகோல்கள் உயர்ந்திருந்ததைக் காட்டினார்கள். 2012இல் மருத்துவ இதழான லான்செட்டில் அத்திட்டத்தார் வெளியிட்ட கட்டுரை, குழந்தை இறப்பு மற்ற இடங்களைவிட வேகமாகக் குறைந்ததாகச் சொன்னது. கணக்கில் பிழை இருந்ததால் அந்தக் கூற்றை அவர்கள் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தக் கிராமங்களில் எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு நடந்தது என்று சொல்லக்கூடிய ஒப்பீட்டைத் தொடக்கத்திலேயே அமைக்காமல் விட்டதால், பின்னர் அறிய வழியில்லாமல் போயிற்று.

தொடக்கத்திலேயே அமைத்ததற்கு மெக்சிகோ நல்ல உதாரணம். பிள்ளைகளைப் பாடசாலைக்கும் மருத்துவ நிலையத்துக்கும் அனுப்பும் ஏழைத் தாய்மாருக்குப் பணம் கொடுக்கும் புரொகிரெசா திட்டத்தை அந்நாட்டு அரசு 1997இல் தொடங்கியது. எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கப் பணம் இருக்கவில்லை. ஆய்வுக்காக எடுத்த 506 கிராமங்களில் 320ஐ எழுமாற்றாக, அதாவது சீட்டுக் குலுக்குவதுபோல, தெரிந்து முதலில் கொடுத்தார்கள். மீதி 186 கிராமங்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. இடையில் இரு பகுதிகளையும் ஒப்பிட்டதால், பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகள், குறிப்பாக இடைநிலை வகுப்புகளில் பெண்பிள்ளைகள், கூடியது திட்டத்தினால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஆட்சி மாறியபோதும் திட்டம் பெயர் மாறித் தொடர்ந்ததற்கு அந்த ஆதாரம் பெரிதும் உதவியது. இத்தகைய எழுமாற்றுச் சோதனைகளை வறுமை ஒழிப்பு ஆய்வில் பரவலாக்கியதற்காகவே அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ, மைக்கேல் கிரேமர் ஆகிய மூவருக்கும் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஏழைகளை வைத்துச் சோதனை செய்வதா என்று உங்கள் சங்கத்தில் யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். என்னுடைய பதில் நிலைமையைப் பொறுத்தது. சுனாமி அடித்த மறுநாள் தண்ணீருக்கும் கூடாரத்துக்கும் சீட்டுக் குலுக்குவது பாவம், அதை எந்த ஆய்வும் நியாயப்படுத்தாது. ஆனால் தகுதியுள்ள 90 பெண்கள் இருக்க 40 தையல் இயந்திரங்களே வருகின்றன என்றால், 50 பேர் இல்லையென்று திரும்பப் போவது எப்படியும் நடக்கத்தான் போகிறது. அந்த நிலையில் யாருக்கு முதலில் என்பதைப் பொதுநோக்கு மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் சீட்டெடுத்துத் தீர்மானிப்பது, ஒருவருடைய சிபாரிசில் தீர்மானிப்பதைவிட நீதியானது என்றே நான் நம்புகிறேன். கிடைக்காதவர்களுக்கு அடுத்த ஆண்டு முன்னுரிமை என்று எழுத்தில் உறுதி வாங்கிவிட்டால், காத்திருப்போர் பட்டியலே ஒப்பீட்டுக்கும் பயன்படும்.

கோழியும் தையல் இயந்திரமும் பெண்களுக்குக் கொடுக்கும் திட்டங்களைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தவை சில உண்டு, அவற்றில் ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் ஆகியோர் 2005 முதல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் மிகச் சிறிய சுயதொழில் செய்பவர்களுக்கு எழுமாற்றாக 10,000 அல்லது 20,000 ரூபாயைப் பணமாகவோ பொருளாகவோ கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக அந்த மூலதனம் மாதந்தோறும் ஏறத்தாழ 5 வீதம் இலாபம் ஈட்டியது. எந்த வங்கி வட்டியையும்விட அதிகம். ஆனால் ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தபோது அந்த இலாபம் ஆண்களுடைய தொழில்களில்தான் வந்திருந்தது, பெண்களின் தொழில்களில் சராசரி அதிகரிப்பு பூச்சியத்துக்கு அருகில் இருந்தது. பெண்கள் செறிந்திருக்கும் தொழில்கள் குறைந்த இலாபம் தருபவை என்பது விளக்கத்தின் ஒரு பகுதி. பின்னர் இதே ஆய்வாளர்கள் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே தொழில் நடத்திய பெண்களின் இலாபத்தைப் பயிற்சி மட்டும் உயர்த்தவில்லை. பயிற்சியோடு பணமும் சேர்ந்தபோது முதலில் உயர்ந்து, இரண்டாம் ஆண்டில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஒரு திட்டம் முடிந்த மாதத்திலேயே அதன் பலனை அளப்பது ஏன் போதாது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

நம்பிக்கை தரும் முடிவும் உண்டு. வங்காளதேசத்தின் பிராக் நிறுவனம் 2002இல் தொடங்கிய முறையொன்றை எத்தியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மிகவும் ஏழையான குடும்பத்துக்குக் கால்நடை போன்ற ஒரு சொத்தும், அது பலன் தரும்வரை சாப்பாட்டுக்கு உதவித்தொகையும், பயிற்சியும், சேமிப்பும், அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்க்கும் உத்தியோகத்தரும் சேர்ந்தே கிடைத்தன. திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பின்னும் பெரும்பாலான நாடுகளில் நுகர்வும் சொத்தும் உயர்ந்தே நின்றன. ஹொண்டுராசில் மட்டும் சொத்து நிலைக்கவில்லை: பலர் கோழிகளைத் தெரிந்தெடுத்தார்கள், கோழிகள் நோயில் செத்துப்போயின. நம் ஊர்களில் மாரி தொடங்கியதும் கோழிகளுக்கு என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே கோழி கொடுக்கும் எந்த நிறுவனத்திடமும் தடுப்பூசியை யார், எத்தனை மாதங்களுக்கு, எந்தக் கால்நடை வைத்தியரின் உதவியோடு போடுவார்கள் என்பதைக் கேளுங்கள்.

ஓரிடத்தில் பலன் தந்தது இன்னோரிடத்தில் ஏன் தரவில்லை என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் தமிழ்நாட்டிலிருந்து தொடங்குகிறது. அங்கே 1980இல் உலக வங்கியின் கடனுதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று தொடங்கியது. குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை குறைந்தவர்களுக்கு மேலதிக உணவு கொடுத்து, தாய்மாருக்கு ஊட்டச்சத்து ஆலோசனையும் சொன்னார்கள். கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது. அதே மாதிரியில் 1990களில் வங்காளதேசத்தில் நடத்திய திட்டம் எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை. தேடிப் பார்த்தபோது, அங்குள்ள பல கூட்டுக் குடும்பங்களில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது ஆண்கள், யாருக்கு எவ்வளவு பரிமாறுவது என்று தீர்மானிப்பது மாமியார் என்று தெரியவந்தது. ஆலோசனையைக் கேட்டுக் கற்றுக்கொண்ட தாயின் கையில் அதைச் செய்யும் அதிகாரம் இருக்கவில்லை. ஒரு திட்டம் தொடங்கும் முன் அதன் சங்கிலியை, அதாவது கொடுப்பதிலிருந்து பலன் கிடைப்பதுவரை உள்ள ஒவ்வொரு படியையும், வீட்டு வாசல்வரை பின்தொடர்ந்து பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதை இது காட்டுகிறது.

தையல் இயந்திரத்தின் சங்கிலியை நம் ஊரில் பின்தொடர்ந்து பார்ப்போம். இயந்திரம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். மூலையில் சீலை போட்டு மூடி, மேலே பிள்ளையின் கொப்பிகள் அடுக்கப்பட்டு இருக்கும். முடிவறிக்கையில் அது செயற்படும் சொத்தாகப் பதிவாகும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தை மாதத்தில் பாடசாலைச் சீருடை எத்தனை தைத்தீர்கள், மாசியில் எத்தனை, கடைசியாக நூல் எப்போது வாங்கினீர்கள், இதே ஒழுங்கையில் வேறு யார் யாருக்கு இயந்திரம் கிடைத்தது? ஒரு சிறு கிராமத்தில் தைக்கக் கொடுப்பவர்களின் தொகை ஓரளவு நிலையானது. கடைகளில் தைத்த உடுப்பு மலிவாகக் கிடைக்கும் காலத்தில் அது குறைந்தும் வருகிறது. புதிதாகப் பதினைந்து பேர் தைக்கத் தொடங்கினால், முன்பிருந்தே தைத்துப் பிழைத்த பெண்ணின் வருமானம் பங்கிடப்பட்டுவிடுகிறது. அவர் பயனாளி அல்லர், எனவே அவர் இழந்தது எந்த அட்டவணையிலும் வராது.

வருமானத்தை அளப்பதிலும் சங்கடம் உண்டு. மாத வருமானம் என்ன என்று நேரடியாகக் கேட்டால், அன்றாடம் கூலியும் இடைக்கிடை மீனும் வெளிநாட்டுக் காசும் வரும் வீட்டில் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. உதவி நிற்குமோ என்ற பயமும், தந்தவர்களின் மனம் நோகக்கூடாது என்ற மரியாதையும் அந்தப் பதிலுக்குள் சேர்ந்துவிடும். களத்தில் நான் அதிகம் நம்புவது நகை அடகுச் சீட்டையும் பலசரக்குக் கடைக் கொப்பியையும்தான். ஈடு வைத்த நகை மீட்கப்பட்டதா, வட்டி மட்டும் கட்டிச் சீட்டுப் புதுப்பிக்கப்பட்டதா, இன்னொரு சோடிக் காப்பும் போய்விட்டதா என்பது ஒரு குடும்பத்தின் ஆண்டை ஏறத்தாழ முழுவதுமாகச் சொல்லிவிடும். கடைக் கொப்பியில் கடன் நிலுவை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் அப்படியே. இவற்றைப் பார்க்கக் கேட்பதற்கு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை வெளியிலிருந்து இரண்டு நாள் வருபவரைவிட உங்கள் சங்கத்திடம் இருக்கிறது.

உதவி தீங்கு செய்யக்கூடும் என்பதையும் மதிப்பீடு பார்க்க வேண்டும். சுனாமிக்குப் பின்னான சர்வதேச உதவிகளைப் பற்றி 2006இல் வெளியான கூட்டு மதிப்பீடு, பாதிக்கப்பட்ட ஒருவருக்கு ஏறத்தாழ 7,100 டொலர் வீதம் பணம் திரண்டதாகக் கணித்தது. 2004இல் வங்காளதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது 3 டொலர். அவ்வளவு பணம் விரைவில் செலவாக வேண்டியிருந்ததால் நம் கரையோரங்களில் சிறு படகுகள் தேவைக்கு மேல் குவிந்தன, சில கடலுக்குப் போகவே தகுதியற்றவையாக இருந்தன. கொடுத்த படகுகளின் எண்ணிக்கை சாதனையாக எழுதப்பட்டது. நுண்கடன் இன்னும் கசப்பான கதை. கடன் பெற்ற பெண்களின் எண்ணிக்கையும் திரும்பக் கட்டும் வீதமும் வெற்றியின் அளவாகக் கொள்ளப்பட்டன. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்கினாலும் திரும்பக் கட்டும் வீதம் உயர்வாகவே இருக்கும். 2018இல் திருகோணமலை உட்பட 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனில் 100,000 ரூபாவரை தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வர வேண்டியிருந்தது. கடன் பழுவினால் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் நம் மாகாணத்தில் இருந்திருக்கிறார்கள். தவறான அளவுகோல் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதை நாம் இதற்கு மேல் கற்க வேண்டியதில்லை.

எல்லாத் திட்டங்களையும் இப்படி ஆராய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாற்பது குடும்பங்களை வைத்து எழுமாற்று ஒப்பீடு செய்தால், பலன் இருந்தாலும் அது தற்செயலான ஏற்றத்தாழ்வுகளுக்குள் மறைந்துவிடும். அத்தகைய சிறு திட்டத்துக்கு, கோழிகள் உயிரோடு இருக்கின்றனவா, முட்டை எங்கே விற்கிறது என்று மாதந்தோறும் பார்த்துத் திருத்திக்கொள்வதே பெரிய உதவி. பெரும் செலவில் ஆலோசகர் ஒருவரை அழைத்து எடுப்பிக்கும் தாக்க மதிப்பீடு அந்தப் பணத்துக்குத் தகாது.

அடுத்த நிறுவனம் வரும்போது, பொருட்களின் பட்டியலைப் பற்றிப் பேசும் முன், முடிவு மதிப்பீட்டை யார் எழுதுவார், அதன் பிரதி தமிழில் சங்கத்துக்குக் கிடைக்குமா, திட்டம் முடிந்து இரண்டு மாரி கழித்து யாராவது திரும்பி வந்து பார்ப்பார்களா என்று கேளுங்கள். நோர்வே தன் சமாதான முயற்சி இலங்கையில் ஏன் தோற்றது என்று சுயாதீனமான ஒரு குழுவைக் கொண்டு ஆராய்ந்து 2011இல் பகிரங்கமாக வெளியிட்டது. ஓர் அரசாங்கம் அதைச் செய்ய முடியுமென்றால் கோழி கொடுத்த நிறுவனமும் செய்யலாம்.

முடிந்துபோன உங்கள் திட்டத்தைப் பற்றி இன்னும் ஓரளவு அறிய வழி இருக்கிறது. பயனாளிகளைப் புள்ளி போட்டுத் தெரிவு செய்திருந்தால், கிடைக்காதவர்களையும் சேர்த்து ஒரு பட்டியல் பிரதேச செயலகத்திலோ நிறுவனத்திடமோ இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பிரதேச செயலகத்துக்கு மட்டுமல்ல, வெளிநாட்டு அரசுகளோ சர்வதேச அமைப்புகளோ கணிசமாக நிதி கொடுக்கும் அரச சார்பற்ற நிறுவனங்களின் பொதுச் சேவைகளுக்கும் பொருந்தும். தெரிவுக்கான புள்ளித் திட்டத்தையும் வெட்டுப்புள்ளியையும் எழுத்தில் கேளுங்கள். வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலே நின்று உதவி பெற்றவர்களும் சற்றுக் கீழே நின்று தவறவிட்டவர்களும் அந்த நாளில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தவர்கள். யார் அவர்கள் என்பது ஊரில் உங்களுக்கே தெரியும். இரு பகுதியினர் வீட்டுக்கும் ஒரே மாதத்தில் போய், பெயர்களை வெளியே விடாமல், நகையைப் பற்றியும் கடைக் கொப்பியைப் பற்றியும் ஒரே விதமாகக் கேளுங்கள்.